ஒரு கோர் நிலம்: மிச்சம் யாருக்கு?

"ஒரு கோர் நிலம் தருகிறேன்" என்று பேசி விற்றாயிற்று. அளந்து பார்த்தால் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. அந்தக் கூடுதல் யாருக்கு? சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, 'பாபா பத்ரா' பகுதியின் ஏழாம் அத்தியாயத்தில் இதைத்தான் அலசுகிறது.

கோர் என்பது தானிய அளவை. ஒரு கோர் தானியம் விதைக்கும் பரப்பு 'பேத் கோர்'. திருநெல்வேலிப் பக்கம் கோட்டை விதைப்பாடு என்பார்களே, அந்தக் கணக்குத்தான். ஒரு கோருக்கு 30 சேயா, ஒரு சேயாவுக்கு 6 காப். பரப்பு 75,000 சதுர முழம்.

எவ்வளவு பிசகலாம் என்பதைப் பேரத்தில் சொன்ன சொல்லே முடிவு செய்கிறது. "கயிற்றளவுப்படி" என்று விற்றால் இம்மி பிசகினாலும் கணக்குத் தீர்க்க வேண்டும். "கூடினாலும் குறைந்தாலும் சரி" என்றால் சேயாவுக்குக் கால் காப், அதாவது 24-ல் ஒரு பங்கு வரை யாரும் கேள்வி கேட்க முடியாது. அடையாளமும் எல்லையும் காட்டி விற்றால் சலுகை இன்னும் பெரிது: ஆறில் ஒரு பங்குக்குள் என்றால் விற்பனை அப்படியே நிற்கும். சரியாக ஆறில் ஒரு பங்கு வந்தால் என்ன செய்வது என்று, மிஷ்னாவை விவாதிக்கும் பிற்கால நூலான தல்மூத்தில் அறிஞர்கள் சண்டையே போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. "கூடினாலும் குறைந்தாலும்" பேச்சில் ஒரு கோருக்கு 7½ காப் வரை சலுகை. மிச்சம் 8 காப் என்று வைத்துக்கொள்வோம். சலுகையைத் தாண்டிவிட்டது, ஆனால் வாங்கியவர் அதற்குப் பணம் கொடுத்தால் போதும், விற்றவரே விரும்பிக் கேட்டாலொழிய நிலத்தைத் திருப்பத் தேவையில்லை. விற்றவருக்கு அந்தத் துண்டால் என்ன பயன்? உழக்கூடக் காணாது. அவர் நன்மைக்காகத்தான் பணம் என்று மிஷ்னாவே காரணம் சொல்கிறது. மிச்சம் 9 காப் ஆனால் கதை மாறுகிறது. அது தனி வயலாக நிற்கும் அளவு. பங்காளிகள் வயலைப் பிரிக்கவும் ஆளுக்கு 9 காப் தேற வேண்டும் என்பது இதே நூலின் விதி. ஆகவே நிலமாகவே திரும்பும், அதுவும் சலுகைப் பங்கையும் சேர்த்து மொத்தமாக. தோட்டமென்றால் அரைக் காப் போதும்.

பள்ளமும் பாறையும் இருந்தால்? பத்துக் கைப்பிடி ஆழமோ உயரமோ இருந்தால் அதைக் கோரில் சேர்க்கக் கூடாது. ஒரு நிலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அது இரண்டு மூன்று துண்டாகக் கிடப்பதை யார் விரும்புவார் என்று கேட்கிறது தல்மூத். "ஒரு கோர் போல" என்று விற்றிருந்தால் மட்டும் அவையும் அளவில் சேரும்.

அளக்கும் கயிறும் லேசுப்பட்டதல்ல. ஒருவருக்குக் கோடையிலும் இன்னொருவருக்கு மழைக்காலத்திலும் அளக்கக் கூடாது என்கிறது தல்மூத். ஈரத்தில் கயிறு நீளும், காய்ந்தால் சுருங்கும் என்று 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி விளக்குகிறார். முறுக்கிய சணல் கயிறு நேர்மாறாக, நனைந்தால் சுருங்கும்: இழைகள் ஊதி முறுக்கை இறுக்கிவிடும். எப்படியானாலும் நீளம் ஒன்றாக நிற்காது.

"கயிற்றளவுப்படி, கூடினாலும் குறைந்தாலும் சரி" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டால்? கடைசியாகச் சொன்னதே செல்லும் என்றார் மிஷ்னா அறிஞர் பென் நன்னாஸ். அவருடைய சகாக்கள் இதை ஏற்கவில்லை என்கிறது தல்மூத்.