பெயர் மாறிய மீனும் கடலின் கணக்கும்

"தலையையும் தோலையும் நீக்கித் துண்டு போட்டுவிட்டால் வெள்ளைச் சதை எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது? பெட்டியின் மேல் எழுதியிருக்கும் மீன்தான் உள்ளே இருக்கிறது என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அப்படியே வேறு மீனாக இருந்தாலும், விரும்பிச் சாப்பிட்டவருக்கு என்ன நஷ்டம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கண்டுபிடிக்கும் வழி, உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் ஒன்று. நஷ்டத்தைப் பற்றிச் சொல்வதானால், சாப்பிட்டவருடையதைவிடக் கடலின் நஷ்டம் பெரிது.

மலிவான மீனுக்கு விலை உயர்ந்த மீனின் பெயரைச் சூட்டினால் லாபம். பிடிக்கத் தடையுள்ள மீனுக்கு அனுமதியுள்ள மீனின் பெயரைச் சூட்டினால் சட்டத்திலிருந்து தப்பிக்கலாம். அமெரிக்காவில் 'ரெட் ஸ்னாப்பர்' என்ற பெயரில் விற்கப்பட்ட மீன்களை வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வேறு இனங்கள். கடல் பாதுகாப்புக்காக இயங்கும் ஓசியானா அமைப்பு அதே நாட்டில் 1,215 மாதிரிகளைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டது. மூன்றில் ஒன்று பெயர் மாறியிருந்தது. இந்த விகிதத்தை உலகம் முழுவதற்கும் பொருத்திவிடக் கூடாது. அதிகம் பெயர் மாற்றப்படும் மீன்களைத் தேடிச் சோதித்தால் விகிதமும் அதிகமாகவே வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வெள்ளைச் சதை மீன்களில் 3,906 மாதிரிகளைச் சோதித்தபோது 6 சதவீதத்தில்தான் இனம் பொருந்தவில்லை.

சில சமயம் இது உயிருக்கே ஆபத்தாகிவிடும். 2007இல் அமெரிக்காவுக்கு 'மாங்க் மீன்' என்ற பெயரில் இறக்குமதியான சரக்கில் பேத்தை மீன் இருந்தது. அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டவர்கள் நோயுற்ற பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

இனி ஆய்வகத்துக்குள் போவோம். விலங்கினங்களை அடையாளம் காண ஒரே ஒரு மரபணுவின் ஒரு சிறு பகுதி போதும் என்று 2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட்டும் அவருடைய குழுவினரும் முன்மொழிந்தார்கள். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியின் முதல் துணையலகுக்கான மரபணு அது. அதில் சுமார் 650 டி.என்.ஏ. எழுத்துகளை மட்டும் படித்தால் போதும்.

ஏன் அந்த மரபணு? மூச்சில் நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேரும் இடம் இந்த நொதிதான். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் அமர்ந்துகொண்டு, உணவிலிருந்து வந்த எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைத்து நீராக்குகிறது. சயனைடு கொல்வது இந்த நொதியை முடக்கித்தான். இவ்வளவு முக்கியமான புரதத்தின் வடிவம் கெட்டால் உயிர் தங்காது. அதனால் புரதத்தைக் கெடுக்கும் மரபணு மாற்றங்கள் தலைமுறை தாண்டுவதில்லை. சுறாவிலும் சூரையிலும் மனிதரிலும் இந்தப் புரதம் வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கிறது.

அப்படி ஒத்திருந்தால் இனங்களை எப்படிப் பிரிப்பது? அழகே இங்கேதான் இருக்கிறது. டி.என்.ஏ. எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுகின்றன என்பது பள்ளிப் பாடம். சி-டி-ஏ என்று எழுதினாலும், சி-டி-சி, சி-டி-ஜி, சி-டி-டி என்று எழுதினாலும் கிடைப்பது லூசின் என்ற ஒரே அமினோ அமிலம்தான். மூன்றாவது எழுத்து மாறினாலும் பெரும்பாலும் புரதத்துக்கு எதுவும் தெரிவதில்லை. இயற்கைத் தேர்வு முதலிரண்டு எழுத்துகளைக் கண்டிப்பாகக் காக்கிறது. மூன்றாவதைப் பெரிதும் கண்டுகொள்வதில்லை. ஓர் இனம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கலக்காமல் வாழத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மூன்றாவது எழுத்துகள் இரண்டு பக்கமும் தனித்தனியாக மாறிக்கொண்டே போகின்றன. வேலை செய்யும் புரதம் அப்படியே இருக்க, அதன் அடியில் பிரிவின் வரலாறு சத்தமில்லாமல் எழுதப்பட்டு வந்திருக்கிறது. உயிரைக் காக்கும் கண்டிப்பும் இனத்தைக் காட்டும் தளர்வும் ஒரே மரபணுவில் பின்னிக் கிடப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆஸ்திரேலியக் கடல்களின் 207 மீனினங்களில் 2005இல் இதைப் பரிசோதித்தார்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த இரு மீன்களுக்கு இடையே சராசரி வேறுபாடு 0.39 சதவீதம், அதாவது 650 எழுத்துகளில் இரண்டு மூன்று. ஒரே பேரினத்தைச் சேர்ந்த, அதாவது நெருங்கிய உறவுள்ள, வெவ்வேறு இனங்களுக்கு இடையே 9.93 சதவீதம், அதாவது அறுபதுக்கும் மேல். இடையில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் ஒரு சிறு சதைத் துண்டை வைத்துக்கொண்டு துணிந்து பெயர் சொல்ல முடிகிறது. இந்த மரபணு இருப்பது மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.வில். அது ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால், சமைத்த மீனிலிருந்துகூட இதைப் படித்துவிடலாம்.

மற்றதெல்லாம் வழக்கமான பி.சி.ஆர்.தான்: அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்க, ஒரே ஒரு பிரதி முப்பது சுற்றுகளில் நூறு கோடியைத் தாண்டிவிடும். கொதிநிலையை நெருங்கும் சூட்டைத் தாங்கி இதைச் செய்யும் நொதி, 1960களில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் கண்டெடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. எந்த லாபக் கணக்கும் இல்லாமல் நடந்த ஆராய்ச்சி அது.

படித்த எழுத்துகளை எதனோடு ஒப்பிடுவது? வகைப்பாட்டியல் அறிஞர் ஒருவர் மீனின் துடுப்பு முட்களையும் செதில்களையும் எண்ணிப் பார்த்து, இன்ன இனம் என்று உறுதிசெய்து, அருங்காட்சியகத்தில் எண்ணிட்டுப் பாதுகாத்த மாதிரியோடு ஒப்பிட வேண்டும். அந்த மாதிரிக்குத் தவறான பெயர் இருந்தால் இயந்திரமும் தவறான பெயரையே சொல்லும். டி.என்.ஏ. படிக்கும் கருவிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், மீனைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவருக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். பழமையான துறை என்று வகைப்பாட்டியலை ஒதுக்குவது, அதை நம்பியே நிற்கும் புதிய துறைகளையும் சேர்த்துப் பலவீனப்படுத்துகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. டின்னில் அடைக்கும்போது படும் சூட்டில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடுவதால், நூற்றுச் சொச்சம் எழுத்துகளைத்தான் படிக்க முடியும். சூரை மீன் இனங்களில் சில மிக அண்மையில் பிரிந்தவை. அவற்றைப் பிரித்துச் சொல்ல வேறு மரபணுப் பகுதிகளும் தேவைப்படுகின்றன.

கடலுக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஓர் இனத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவுசெய்ய, எவ்வளவு பிடிபட்டது, எவ்வளவு நேர உழைப்புக்கு அது கிடைத்தது, பிடிபட்டவற்றின் நீளமும் வயதும் என்ன என்ற விவரங்கள் வேண்டும். எல்லாமே இனத்தின் பெயரில் பதிவாகின்றன. பெயர் தவறினால் கணக்கு முழுவதும் தவறும்.

கடையில் பெயர் மாறினால் இன்னொரு விதமான கேடு. ஒரு மீன் அருகிவிட்டால் அது கிடைக்காமல் போக வேண்டும், விலை ஏற வேண்டும். அதன் பெயரில் வேறு மீன் வந்துகொண்டே இருந்தால், கடலில் அது ஏராளமாக இருக்கிறது என்றே வாங்குபவர் நம்புவார். மாற்றாக வரும் மீனும் பெரும்பாலும் கண்காணிப்புக் குறைந்த மீன்பிடிப்பிலிருந்து வருகிறது என்பதை 2020இல் அமெரிக்கச் சந்தையைப் பற்றி வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பார்த்துப் பொறுப்போடு வாங்க நினைப்பவரின் பணம், அவர் தவிர்க்க நினைத்த மீன்பிடிப்புக்கே போய்ச் சேர்கிறது.

இதன் மிகக் கொடிய உதாரணம் ஐரோப்பாவின் ஸ்கேட் மீன்கள். திருக்கையின் உறவினங்களான இவற்றைத் துறைமுகங்களில் நெடுங்காலம் ஒட்டுமொத்தமாக ஒரே தலைப்பில் எழுதிவந்தார்கள். ஐரிஷ் கடலில் பெரிய இனங்கள் குறையக் குறையச் சிறிய இனங்கள் பெருகின. மொத்த எடை நிலையாகவே தெரிந்தது. 'காமன் ஸ்கேட்' அந்தக் கடலிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது என்று 1981இல்தான் அறிவியல் இதழில் செய்தி வந்தது. அதோடும் முடியவில்லை. காமன் ஸ்கேட் என்பதே ஓர் இனமல்ல என்று 2010 வாக்கில் தெரியவந்தது. 1926இல் ஒன்றாக்கப்பட்ட இரண்டு இனங்கள் அந்தப் பெயருக்குள் இருந்தன. ஒன்றின் பெண் மீன் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் முதிர்ச்சி அடையும். மற்றது ஏறத்தாழ இரண்டு மீட்டர் வளர வேண்டும். அவ்வளவு வளர்வதற்குள் வலையில் சிக்காமல் தப்புவது கடினம். ஆகவே பெரிய இனமே வேகமாக அழிந்தது. சிறியது அதே பெயரில் பிடிபட்டு அந்த அழிவை மறைத்தது.

2009இல் ஐரோப்பிய ஒன்றியம் காமன் ஸ்கேட்டைக் கரைக்குக் கொண்டுவரத் தடை விதித்தது. மற்ற முக்கிய ஸ்கேட் இனங்களைத் தனித்தனிப் பெயரில் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளின் பதிவேடுகளில் எத்தனை டன் எந்த இனம் என்பதை இனிப் பிரித்தெடுக்க வழியில்லை.