தண்டனை: சொல்லுக்குள் ஒரு கோல்

‘தண்டனை’ என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே கிடப்பது கோல்தான். வடமொழியில் ‘தண்ட’ என்றால் தடி, கோல். கோல் பிடித்தவனிடம் அதிகாரம்; அதிகாரம் உள்ளவன் தப்பு செய்தவனை வழிக்குக் கொண்டுவருவான்; அப்படியே கோலின் பெயர் அவன் செய்கிற செயலுக்கும் ஆகிவிட்டது. சந்நியாசியின் தண்டம், தடி விழுவதுபோல் நெடுக விழுந்து தண்டனிடுதல், அபராதமாகத் தண்டம் கட்டுதல் எல்லாம் ஒரே குடும்பம். வாழைத்தண்டு, கீரைத்தண்டில் உள்ள ‘தண்டு’ நம்முடையதுதானே, அங்கிருந்துதான் வடமொழிக்கே போனது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கு இப்போதைக்கு முடியாது. ‘கடுமொழியும் கையிகந்த தண்டமும்’ என்று திருக்குறளிலேயே (567) வந்துவிட்டதால், சொல் தமிழுக்குப் புதிதில்லை என்பது மட்டும் உறுதி.

இதில் ‘கோதண்டம்’ தனிக்கதை. புராணத்தில் அது ராமனின் வில். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதே பெயரில் ஒரு தண்டனை இருந்தது: மேலே கட்டிய கயிற்றில் பையனைத் தொங்கவிடுவது. தொங்குகிறவனுக்கு ராமாயணம் நினைவுக்கு வந்திருக்காது.

தருமபுரிப் பக்கம் 1970, 80களில் படித்தவர்கள் யாரும் ‘தண்டனை கிடைத்தது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘அடி வாங்கினேன்’, ‘வெளுத்துட்டார்’, ‘முட்டி போட்டேன்’, அவ்வளவுதான். கருவிக்குப் பெயர் எப்போதும் பிரம்பு. ஆனால் பாதி நேரம் அது பிரம்பே இல்லை. பிரம்பு ஈரமான இடத்தில் வளர்கிற கொடி; பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து வறண்ட மண்ணில் அதைக் கடையில்தான் வாங்க வேண்டும். சாலையோரம் நெடுகப் புளியமரம் நிற்கும்போது யார் காசு கொடுப்பார்கள்? அடி வாங்கப்போகிறவனையே விளார் ஒடித்துவர அனுப்புவார்கள். (விளார் நல்ல தமிழ்ச்சொல், நீண்டு மெலிந்த இளங்கொம்பு.) தடித்ததாகக் கொண்டுவந்தால் கை வீங்கும். மெலிசாகக் கொண்டுவந்தால் சுளீரென்று தோலில் வரி விழும். விரல்களுக்கு நடுவில் விட்டு இலையை ஒரே இழுப்பில் உருவியபடி, எது தேவலை என்று கணக்குப் போட்டுக்கொண்டே திரும்பி வருவான். வீட்டில் போய் முறையிடவும் வழியில்லை. ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சேர்க்கும்போதே அப்பா சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனைப் பாடிய ஔவையாரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் (91) பிரம்பும் வருகிறது, அஞ்சியும் வருகிறான். அங்கே பிரம்பு பின்னிக் கிடக்கிற கொடி. அதில் விளைந்த வரியுள்ள பழத்தைக் குளத்துக் கெண்டைமீன் கவ்வுகிறது. பிரம்பு என்றதும் உள்ளங்கை கூசுகிற தலைமுறைக்கு, அது பழம் பழுக்கிற செடி என்பதே செய்தி.

சரி, தண்டனைக்குத் தனித்தமிழ் என்ன? ஒறுப்பு. வினை ‘ஒறு’. ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல்’ (314) எல்லோருக்கும் தெரிந்த குறள். தீமை செய்தவனை ஒறுக்கும் வழி, அவனே நாணும்படி நன்மை செய்துவிடுவது என்கிறார் வள்ளுவர். அதை ஒப்பிக்கத் தெரியாமல் விளார் அடி வாங்கியவர்கள் எத்தனையோ பேர்!

உடலை வருத்தும் தண்டனையை ஆங்கிலத்தில் ‘கார்ப்பரல் பனிஷ்மென்ட்’ என்பார்கள். அதில் ‘கார்ப்பரல்’ லத்தீன் ‘கார்ப்பஸ்’, அதாவது உடல் என்பதிலிருந்து வந்தது. செய்தித்தாள்கள் ‘உடல்ரீதியான தண்டனை’ என்று எழுதுகின்றன; அதில் ‘ரீதி’யும் ‘தண்டனை’யும் வடமொழி வழி வந்தவை. ‘உடல் ஒறுப்பு’ எனலாம். ஒரு சிக்கல், நோன்பிருந்து தன்னையே வருத்திக்கொள்வதையும் ஒறுத்தல் என்பார்கள். அதனால் ‘பள்ளி உடல் ஒறுப்பு’ என்று இடத்தையும் சேர்த்துச் சொன்னால் குழப்பமிருக்காது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 17ஆம் பிரிவில், குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன ‘கடுமொழியும் கையிகந்த தண்டமும்’ கிட்டத்தட்ட இதே சோடிதான். அறிவிப்புப் பலகையில் எழுதுவதானால் ‘பிள்ளைகளை அடிக்கக் கூடாது’ என்பதே எனக்குப் பிடிக்கும். ஆனால் முட்டி போடவைப்பதும் வெயிலில் நிறுத்துவதும் ‘அடி’க்குள் அடங்காது, அவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘ஒறுப்பு’ வேண்டித்தான் இருக்கிறது.