இடிபாட்டுக்குள் இருக்கும் ஜல்லி

பத்தடி நீளமும் பத்தடி உயரமும் ஒன்பது அங்குலக் கனமும் உள்ள ஒரு செங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு அறைகளை இணைத்துக் கூடத்தைப் பெரிதாக்க நினைக்கும் வீட்டில் முதலில் விழுவது இத்தகைய சுவர்தான். நிற்கும் வரையில் அதன் கன அளவு 75 கன அடி; எடை ஏறக்குறைய 4 டன். இடித்தபின் எடை மாறுவதில்லை. ஆனால் உடைந்த துண்டுகளுக்கு இடையே வெற்றிடம் உண்டாவதால் கன அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகி, 110 கன அடியைத் தாண்டிவிடும். மணலையும் ஜல்லியையும் நூறு கன அடி கொண்ட யூனிட் கணக்கில் வாங்கிப் பழகியவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: ஒரே ஒரு சுவர், ஒரு யூனிட்டுக்கும் மேலான இடிபாடாகிறது. மூட்டைக்கு 40 கிலோ வீதம் சாக்குகளில் அடைத்தால் நூறு மூட்டைகள் வரும்.

இந்த நூறு மூட்டைகள் எங்கே போகின்றன என்பதை வீட்டுக்காரர் பெரும்பாலும் கேட்பதில்லை. லாரி தெருமுனையைத் தாண்டியதும் பொறுப்பு முடிந்ததாகவே எண்ணுகிறோம். அந்த லாரி இரவில் ஏரிக்கரையிலோ, காலி மனையிலோ, நீர்நிலையின் ஓரத்திலோ சரித்துவிட்டுப் போவது நம் நகரங்களில் அரிய காட்சியல்ல. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 1,248 ஹெக்டேர் பரப்பு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் அந்தச் சதுப்பைச் சுருக்கியவற்றுள் குப்பையோடு கட்டட இடிபாடும் ஒன்று. கல்லும் மண்ணும்தானே, மக்கிப் போகாது, நாறாது, யாருக்கு என்ன தீங்கு என்று தோன்றலாம். தீங்கு இரண்டு வகையில் வருகிறது. சதுப்பில் கொட்டப்படும் ஒவ்வொரு கன அடியும் மழைநீர் நிற்க வேண்டிய ஒரு கன அடியைப் பறித்துக்கொள்கிறது. இது வெறும் கணக்கு. மற்றொன்று வேதியியல். சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, காங்கிரீட்டுக்குள் தங்கியிருக்கும். புதிதாக உடைந்த முகங்களின் மேல் நீர் பட்டால் அது கரைந்து வெளியேறி, நீரைச் சுண்ணாம்புத் தெளிவைப் போலக் கடுங்காரமாக்குகிறது. காரத்தன்மையைக் காட்டும் பிஎச் என்னும் அளவு நடுநிலை நீரில் 7 என்றால், காங்கிரீட் பொடி ஊறிய நீரில் அது 12-ஐ நெருங்கும். மீன் குஞ்சுகளும் நீர்ப் பூச்சிகளும் தாங்கும் அளவு அதுவன்று.

எனினும், இடிபாட்டின் உண்மையான சிக்கல் அது கொட்டப்படும் இடத்தில் தொடங்குவதில்லை; இடிக்கும் இடத்திலேயே, முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. தனியாகக் கிடைக்கும் காங்கிரீட் துண்டு ஒரு மூலப்பொருள். தனியாகக் கிடைக்கும் செங்கல்லும் அப்படியே. இரும்புக் கம்பிக்கோ அன்றைக்கே விலை உண்டு. இவற்றோடு பால்ஸ் சீலிங் துண்டு, தெர்மகோல், மரத்தூள், ஒயர் உறை, பெயிண்ட் டப்பா, தோட்டத்து மண் எல்லாம் ஒரே குவியலாகச் சேர்ந்தால் அது எவருக்கும் பயன்படாத கழிவாகிறது. கலப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். பிரிப்பதற்கு ஓர் ஆலை வேண்டும்.

இந்தக் கலப்பில் மிகுந்த கேடு விளைவிப்பது எது என்று கேட்டால் நான் ஜிப்சத்தைச் சொல்வேன். கூரையின் கீழ் அழகுக்காகப் பொருத்தப்படும் பலகைகளிலும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேலைப்பாடுகளிலும் இருப்பது கால்சியம் சல்ஃபேட். அதன் பொடி காங்கிரீட் துண்டுகளோடு சேர்ந்து மீண்டும் புதிய காங்கிரீட்டுக்குள் நுழைந்துவிட்டால், சல்ஃபேட்டு சிமெண்டில் உள்ள அலுமினேட்டுகளோடு வினைபுரிந்து எட்ரிங்கைட்டு என்னும் ஊசி வடிவப் படிகமாக வளர்கிறது. இறுகி முடிந்த காங்கிரீட்டுக்குள் அது வளரத் தேவையான இடம் இல்லாததால், அழுத்தம் கூடிப் பிளவு விழுகிறது. அதே ஜிப்சம், ஈரமும் மக்கும் குப்பையும் உள்ள, காற்றுப் புகாத கிடங்கின் அடியில் புதைந்தால், சில பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சிதைத்து அழுகிய முட்டை வீச்சமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றுகின்றன. வெண்மையாக, தீங்கற்றதாகத் தெரியும் அந்தத் துண்டுகளைத் தனிச் சாக்கில் போடுவது ஒருவருக்கு அரை நாள் வேலைகூட ஆகாது.

எனவே முறையான இடிப்பு என்பது சுத்தியலால் தொடங்குவதில்லை, உரித்தலால் தொடங்குகிறது. கதவு, ஜன்னல், நிலை, குழாய், கழிவறைப் பீங்கான், மின்கம்பி ஆகியவை முதலில் இறங்க வேண்டும், பிறகு கூரைப் பலகைகள், பிறகு டைல்ஸ், சுவரும் தளமும் கடைசியில்தான். பழைய வீடுகளை இடிப்பவர்கள் இந்த வரிசையைப் பாடநூல் படிக்காமலே அறிந்தவர்கள். தேக்கு உத்திரமும் கம்பியும் கிடைக்கும் என்பதால் கூலி வாங்காமலும், சில வேளைகளில் உரிமையாளருக்கே பணம் கொடுத்தும் இடித்துத் தருபவர்கள் உண்டு.

பழைய வீட்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது; ஆகையால் கொத்திப் பெயர்க்கும்போது காரை உதிர்ந்து செங்கல் முழுதாகக் கையில் வரும். சிமெண்ட் கலவை செங்கல்லோடு இறுகப் பிணைந்துவிடுவதால், பெயர்க்கும்போது பெரும்பாலும் செங்கல்லே உடைகிறது. உறுதி என்று நாம் போற்றும் அதே பண்பு மறுபயன்பாட்டுக்குத் தடையாக நிற்கிறது. உடைந்த செங்கல்லும் அந்நாளில் வீணாகவில்லை. அதை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்தால் கிடைப்பது சுருக்கி. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, நீரிலும் கரையாத பசையைத் தருகின்றன. மொட்டை மாடியில் வெயிலையும் மழையையும் தாங்கும்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் தளம் அந்த அறிவின் தொடர்ச்சியே.

உரிக்கும் கட்டத்திலேயே மூன்று எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். கார் நிறுத்துமிடத்தின் மேலோ மாடி அறையின் மேலோ போட்டிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவே கூடாது. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. மூச்சில் சென்றவை நுரையீரலில் பல பத்தாண்டுகள் தங்கிப் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. ஷீட்டை நீரால் நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, முழுதாக இறக்கி, கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியே ஒப்படைக்க வேண்டும். அடுத்தது தூசு. காங்கிரீட்டையும் கிரானைட்டையும் உலர்வாக அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் துகள்கள் தொழிலாளரின் நுரையீரலைத் தழும்பாக்குகின்றன. அறுக்கும் இடத்தில் நீர் சொட்டவிடுவது தூசைப் பெருமளவு அடக்கும். துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்வது அந்த நுண்துகளைத் தடுக்காது. பழைய கதவுகளின் பெயிண்டில் நச்சான ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதைத் தேய்த்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல்தான் வெளியானது.

பேரளவில் இது எப்படி நடக்கும் என்பதை 2022 ஆகஸ்ட் 28 அன்று நாடே பார்த்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி நொய்டாவின் இரட்டைக் கோபுரங்கள் சுமார் 3,700 கிலோ வெடிமருந்தால் சில நொடிகளில் தரைமட்டமாயின. எஞ்சியது ஏறத்தாழ 80,000 டன் இடிபாடு. அதில் ஒரு பகுதி அங்கேயே நிலவறைகளை நிரப்பப் பயன்பட்டது. ஒரு பகுதி நொய்டாவிலேயே உள்ள மறுசுழற்சி ஆலைக்குச் சென்றது. இடிக்க நொடிகளும், அகற்ற மாதங்களும் தேவைப்பட்டன. அத்தகைய ஆலைகளுக்கு முன்னோடி, தில்லி புராரியில் 2009-இல் தொடங்கியது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இவ்வகை ஆலைகள் உள்ளன. நாள் ஒன்றுக்கு 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குவோர் அதைக் காங்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-கலவை என நான்காகப் பிரித்துத் தர வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் விதிகள் கூறின. வீட்டைப் புதுப்பிப்பவர் அந்த அளவை எட்டுவதில்லை. ஆனால் அந்த நான்கு குவியல்கள் சிறிய முற்றத்துக்கும் பொருந்தும்.

ஆலைக்குள் வரும் இடிபாடு முதலில் கையால் பொறுக்கப்படுகிறது. பிறகு தாடை போன்ற இரண்டு எஃகுத் தகடுகள் அதைக் கடித்து நொறுக்குகின்றன. ஒன்று அசையாமல் நிற்க, மற்றது முன்னும் பின்னும் அசைகிறது. கம்பி வெளிப்பட்டதும், ஓடும் பட்டையின் மேல் தொங்கும் காந்தம் அதை இழுத்துக்கொள்கிறது. இரண்டாம் நொறுக்கியில், வேகமாகச் சுழலும் உருளை துண்டுகளைத் தகட்டின் மேல் அடிக்கிறது. அழுத்தி உடைப்பதைவிட மோதி உடைப்பது, கல்லின் மேல் ஒட்டிய கலவையைக் கூடுதலாக உதிர்க்கும். நீர்த் தொட்டியிலோ காற்று வீச்சிலோ மரமும் பிளாஸ்டிக்கும் பிரிந்துவிடும். கல் மூழ்கும், அவை மிதக்கும். சல்லடைகள் 20 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர், மணல் எனத் தரம் பிரிக்கின்றன. கழுவிய நீரில் எஞ்சும் சேறு பிழியப்பட்டு, நீர் மீண்டும் சுற்றுக்குத் திரும்புகிறது.

இப்படிக் கிடைக்கும் ஜல்லி, குவாரியிலிருந்து வரும் கருங்கல் ஜல்லி அன்று. கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லின் மேலும் பழைய சிமெண்ட் கலவை தோலாக ஒட்டியிருப்பது தெரியும். அந்தத் தோலில் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சுவதில்லை. மறுசுழற்சி ஜல்லி 5 விழுக்காடு வரை உறிஞ்சுவது வழக்கம். சிறிய எண்ணாகத் தோன்றும் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் காங்கிரீட்டில் ஏறத்தாழ 1,000 கிலோ ஜல்லி இருக்கும். கலவை நீர் 180 லிட்டர் என்று கொள்வோம். ஜல்லி முழுவதும் மறுசுழற்சியால் வந்ததாகவும் உலர்ந்ததாகவும் இருந்தால் அது 50 லிட்டரைக் குடித்துவிடும். கலவை விறைத்துப்போகும், விறைத்த கலவையைப் பார்க்கும் கொத்தனார் கண்ணளவில் நீரைச் சேர்ப்பார், கூடிய நீர் பின்னர் ஆவியாகித் துளைகளை விட்டுச்செல்ல, வலிமை குறையும். மறுசுழற்சி ஜல்லியில் போட்ட காங்கிரீட்டு நிற்காது என்ற பழிக்கு ஒரு பெருங்காரணம் இதுவே.

தீர்வு எளியது: கலப்பதற்கு முன்பே ஜல்லியை நனைத்துத் துளைகளை நிரப்பிவிட வேண்டும். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஐஎஸ் 383 ஆவணம், 2016-இல் திருத்தப்பட்டபோது, முன்கூட்டி நனைப்பதை நிபந்தனையாக வைத்து 10 விழுக்காடு வரை நீர் உறிஞ்சும் ஜல்லியையும் ஏற்றது. கம்பி கட்டிய காங்கிரீட்டில், எம்25 என்னும் வலிமைத் தரம் வரை, ஜல்லியில் 20 விழுக்காடு காங்கிரீட் இடிபாட்டிலிருந்து வரலாம். கம்பியில்லாத காங்கிரீட்டில் 25 விழுக்காடு. அடித்தளத்தின் கீழ் பரப்பும் மெலிந்த கலவையில் நூறு விழுக்காடும் அதுவாகவே இருக்கலாம். செங்கல் கலந்த ஜல்லிக்கு இந்தக் கடைசி வகையில் மட்டுமே இடம் உண்டு. செங்கல்லையும் காங்கிரீட்டையும் தனித்தனிக் குவியலாக்குவதன் பயன் இங்கே எண்ணாகவே தெரிகிறது. மற்றவை பேவர் பிளாக், நடைபாதை ஓரக்கல், சாலையின் அடித்தளம் என்று போகின்றன. சாலைக்கு அடியில் காங்கிரீட் நொறுவல் நன்றாகவே பொருந்தும். அதில் வினைபுரியாமல் எஞ்சிய சிமெண்ட் துகள்கள் ஈரம் பட்டு, மெல்ல இறுகிப் பரப்பைக் கெட்டியாக்குகின்றன.

மிஞ்சுவது பொடி. ஜல்லியின் தோல் உதிர்ந்து வரும் இந்த நுண்பொடிக்குச் சந்தையில் மதிப்பில்லை. உறிஞ்சும் தன்மை மிகுதி, கலவையில் தாங்காது. ஆனால் அறிவியலாளர்களின் கவனம் இப்போது இதன்மீதுதான் குவிகிறது. சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதனுள் இருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. அந்தச் சிமெண்ட் காங்கிரீட்டாகி, வயதாகி, பொடியாகும்போது, அதன் கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் பிடித்துக் கால்சியம் கார்பனேட்டாகிறது. முழுச் சுவரில் இந்த வினை மேற்பரப்பிலிருந்து உள்ளே நகரப் பல பத்தாண்டுகள் ஆகும். பொடியில் பரப்பு பன்மடங்கு என்பதால் மிக விரைவில் நடக்கும். மூடிய கலத்தில் ஈரமான ஜல்லியையும் பொடியையும் வைத்துக் கரியமில வாயுவைச் செலுத்தினால், புதிதாக விளையும் கார்பனேட்டு நுண்துளைகளை அடைத்து, தோலின் உறிஞ்சும் தன்மையையும் குறைக்கிறது.