ஐஸை விட்டவன் ஏன் தூங்கிக்கொண்டே இருக்கிறான்?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "தம்பி ஐஸ் பாவிச்சவன். நிப்பாட்டி இண்டைக்கு நாலாம் நாள். ஒரே நித்திரை. எழும்பினால் சாப்பாடு, பிறகும் நித்திரை. ஆஸ்பத்திரியில பெரிசா மருந்து ஒண்டும் குடுக்கேல்லை, சும்மா பாத்துக்கொண்டு இருக்கினம். இதுக்கு மருந்தே இல்லையோ? ரத்தத்தில இருக்கிற நஞ்சைக் கழுவி எடுக்க ஏலாதோ?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

ஐஸ் என்பது மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள், சுருக்கமாக மெத். உடைத்த கற்கண்டு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். 1893-ல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி என்ற வேதியியலாளர் முதலில் தயாரித்தார். 1938-ல் ஜெர்மனியில் பெர்விட்டின் என்ற பெயரில் மாத்திரையாக விற்பனைக்கு வந்து, போர்முனைச் சிப்பாய்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்க உதவியது. போர் முடிந்த பிறகு ஜப்பானில் வீதி வீதியாகப் பரவ, அந்த நாடு 1951-ல் தனிச்சட்டமே போட்டது. சரி, வரலாறு இத்தனை போதும்.

உடலுக்குள் போன மெத்தின் பாதி வெளியேற ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். மீதியில் பாதி வெளியேற இன்னொரு 10 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 மணி நேரத்தில் 3 சதவீதம்தான் மிச்சம். கல்லீரலும் சிறுநீரகமும் யாரும் சொல்லாமலே இதைச் செய்து முடித்துவிடுகின்றன. நாலாம் நாள் படுத்துக் கிடக்கும் அந்தத் தம்பியின் ரத்தத்தில் கழுவி எடுக்கச் சொல்லும்படி எதுவும் இல்லை. நஞ்சு போய்விட்டது. அவர் படுத்துக் கிடப்பது, அது போகும்போது எதையெல்லாம் காலி செய்துவிட்டுப் போனது என்பதனால்தான். 'நச்சு நீக்கம்', 'டீடாக்ஸ்' என்ற சொற்களே இங்கே நம்மைத் தவறான பக்கம் பார்க்க வைக்கின்றன.

ஒரு காலத்தில் மருத்துவர்களும் கழுவிப் பார்த்தவர்கள்தான். மெத் ஒரு வலுக்குறைந்த காரம். சிறுநீரை அமிலமாக்கினால் அது வேகமாக வெளியேறும். அதற்காக அம்மோனியம் குளோரைடு கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் மெத் அதிகமானவர்களுக்குத் தசைகள் சிதைந்து, அதிலிருக்கும் ஒரு புரதம் சிறுநீரகத்துக்கு வந்து சேரும். சிறுநீர் அமிலமாக இருந்தால் அந்தப் புரதம் அங்கேயே தங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கழுவப் போய்க் குழாயையே அடைத்த கதை. அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள்.

மெத் வலுக்குறைந்த காரம் என்றேன் அல்லவா? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

டோபமைன் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. 'இது வேண்டும், எழுந்து போய் எடு' என்று உந்துகிற ரசாயனம் என்பதுதான் பொருத்தம். நரம்பின் நுனியில் இது சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள நுண்பைகளில் மூட்டை கட்டி அடுக்கப்பட்டிருக்கும். நரம்பில் மின்துடிப்பு வந்தால் சில மூட்டைகள் அவிழும், அவ்வளவுதான்.

இத்தனை டோபமைனையும் அந்தச் சின்னப் பைக்குள் திணிப்பது எப்படி? பைக்கு உள்ளே அமிலம். வெளியே இருப்பதைவிட உள்ளே புரோட்டான்களின் செறிவு ஏறக்குறைய ஐம்பது மடங்கு. அந்தப் புரோட்டான்கள் எப்போதும் வெளியே ஓடத் துடித்துக்கொண்டிருக்கும். பையின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது, கிணற்றில் இரண்டு வாளி கட்டிய ராட்டினம் மாதிரி. இரண்டு புரோட்டான்களை வெளியே இறக்கிவிடும், அந்த இழுப்பிலேயே ஒரு டோபமைனை உள்ளே ஏற்றிக்கொள்ளும். புரோட்டான் குறையக் குறைய இன்னொரு பம்பு அதை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்துக்கு மெத் வருகிறது. நெஞ்செரிச்சலுக்கு நாம் குடிக்கிற ஆன்டாசிட் வயிற்றில் என்ன செய்யுமோ, மெத் அந்தப் பைக்குள் அதையே செய்கிறது. நழுவி உள்ளே போகும், ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் அதற்கு மின்னேற்றம் வந்துவிடும், மறுபடி வெளியே வர முடியாது. எலிப்பொறிக்குள் எலி மாதிரி மெத் மேலும் மேலும் சேர, பைக்குள் அமிலம் தணிகிறது. ராட்டினத்தில் கனமான வாளி இல்லை. டோபமைனைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. மூட்டைகள் தாமாகவே பிரிந்து, டோபமைன் நரம்பு நுனிக்குள்ளேயே கொட்டிக் கிடக்கிறது. 1990-ல் டேவிட் சல்சரும் ஸ்டீபன் ரேபோர்ட்டும் இதைக் காட்டினார்கள். பள்ளியில் படித்த அமிலம், காரம் பாடம் இவ்வளவு தூரம் வரும் என்று எனக்கு வேதியியல் எடுத்த ஆசிரியர் சொல்லவேயில்லை.

ஆனால் கொட்டிக் கிடப்பது இன்னும் நரம்புக்கு உள்ளேதான். வெளியே வந்தால்தான் அடுத்த நரம்புக்குச் சேதி போகும். அதற்கு மெத் இரண்டாவது வேலை ஒன்றைச் செய்கிறது.

நரம்பு நுனியின் வெளிச்சுவரில் 'டோபமைன் கடத்தி' என்று ஒரு புரதம். வெளியே சிந்திய டோபமைனை மறுபடி உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது அதன் தொழில். வாசகியின் ஊர்ப்பக்க உதாரணமே சொல்கிறேன். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு போகிறது என்று வையுங்கள். ஆட்களைத் தீவில் இறக்கிவிட்டுப் படகு வெறுமையாகத் திரும்புகிறது. இந்தக் கடத்தியும் அப்படித்தான், உள்ளே வரும்போது நிறைந்து, திரும்பும்போது வெறுமையாக. மெத் பார்வைக்கு டோபமைன் சாயலில் இருப்பதால் படகு அதையும் ஏற்றிக்கொள்கிறது. உள்ளே இறக்கிவிடுகிறது. இறங்கியவர் தீவிலிருந்த மூட்டைகளை எல்லாம் பிரித்துவிட்டதால் துறையில் இப்போது டோபமைன் கூட்டம் நெரிகிறது. வெறுமையாகத் திரும்ப வேண்டிய படகில் அந்தக் கூட்டம் ஏறிவிடுகிறது! உள்ளே கொண்டுவர வேண்டிய படகே வெளியே அள்ளிக் கொட்டுகிறது. கோகெயின் படகை நிறுத்தி மட்டும் வைக்கும். மெத் அதைத் திருப்பியே ஓட்டுகிறது.

இது உண்மையா என்று சோதிக்க ஒரு அழகான வழி இருந்தது. அமெரிக்காவில் மார்க் கேரனின் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கடத்தியே இல்லாத எலிகளை உருவாக்கியிருந்தார்கள். 1998-ல் அவற்றின் மூளையில் மெத்தின் உடன்பிறப்பான ஆம்ஃபெட்டமைனைச் சோதித்தார்கள். உள்ளே மூட்டைகள் காலியாயின. ஆனால் வெளியே டோபமைன் பெருகவே இல்லை. படகு இல்லை, கூட்டம் துறையிலேயே நின்றுவிட்டது. இரண்டு வேலைகளும் வெவ்வேறு என்பதை ஒரே சோதனையில் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

சாதாரண எலி ருசியான தீனி தின்னும்போது டோபமைன் ஒன்றரை மடங்காகும். ஆம்ஃபெட்டமைன் வகையில் பத்து மடங்குக்குக்கூடப் போகும். அதுவும் மெத்தில் மணிக்கணக்காக.

இப்போது அந்தத் தம்பியின் கட்டிலுக்கு வருவோம். மூட்டைகள் காலி. உள்ளே கொட்டிய டோபமைன் ஆக்சிஜனோடு சேர்ந்து நரம்பு நுனியையே அரித்திருக்கிறது. வெள்ளம் தாங்காத அடுத்த நரம்பு, டோபமைனை வாங்கிக்கொள்ளும் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டுவிட்டது. ஐஸும் திடீரென்று நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பல் தேய்க்கக்கூட உந்துதல் வேண்டும், அது இல்லை. மூன்று நான்கு நாள் தொடர்ந்து விழித்திருந்த தூக்கக் கடன் வேறு. தாய்லாந்தில் மெத்தை விட்டவர்களை உள்நோயாளிகளாக வைத்து நாள்தோறும் கவனித்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்தது. முதல் நாட்களில்தான் எல்லாமே உச்சம்: தூக்கம், பசி, சோர்ந்த மனம். 7 முதல் 10 நாளில் அது படிப்படியாக இறங்கியது. லேசான அறிகுறிகள் இன்னும் இரண்டு வாரமாவது நீடித்தன. வாசகி எழுதியது பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

அப்படியானால் தூங்கவிட வேண்டியதுதானே, ஆஸ்பத்திரி எதற்கு?

குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். மெத்தை நிறுத்துவது மட்டுமே அப்படிக் கொல்வது அபூர்வம். ஆனால் மெத் மட்டும் எடுத்தவர் என்று யார் சத்தியம் செய்வது? கூடவே மதுவோ ஹெராயினோ இருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் சிறுநீர்ப் பரிசோதனை. இதயத்தின் மேல் அந்தப் பொருள் ஏறி மிதித்திருக்கும், அதனால் ஈசிஜியும் ரத்த அழுத்தமும். அப்புறம் உப்புச்சத்து, தசைச் சிதைவு, காய்ச்சல். பரபரப்பு அடங்காதவர்களுக்குச் சில நாள் மட்டும் டயசெபம் போன்றவை, இல்லாத குரல் கேட்பவர்களுக்குக் கொஞ்ச காலம் ஓலன்சபின் போன்றவை. மற்றபடி அமைதியான அறை, நீர், எழுப்பி எழுப்பிச் சாப்பாடு.

முக்கியமாக ஒன்று. மூளை இப்படி வெறுமையாகிக் கிடக்கும் நாட்களில் சிலருக்குச் சாகத் தோன்றும். 'சும்மா பாத்துக்கொண்டு இருக்கினம்' என்று வாசகி எழுதியது உண்மையில் இந்தச் சிகிச்சையின் பாதி. (தமிழ்நாட்டில் இப்படிக் கலங்கி நிற்பவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம்.)

இல்லாத குரல் என்றேன். தோலுக்குள் பூச்சி ஊர்கிறது என்று கையைக் கீறிக்கொள்பவர்களும் உண்டு. நம் ஊரில் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். செய்வினை என்பார்கள், கயிறு மந்திரிப்பார்கள், சிலர் கட்டியும் போடுவார்கள். 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 மனநோயாளிகளை நான் மறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் செய்கிற பொடிகள் இன்னொரு ரகம். அப்படி ஒரு பொடி இருந்தால் உலகத்து மருந்துக் கம்பெனிகள் அந்தச் சுவருக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கும். கேட்டால் கோபம் வரும், ஆனால் முள்வேலிக்குள் அடைத்துப் பயிற்சி கொடுத்தால் திருந்துவான் என்ற நம்பிக்கையையும் நான் அதே பட்டியலில்தான் சேர்ப்பேன். இலங்கையில் பொலன்னறுவையின் கந்தக்காடு போதை மறுவாழ்வு மையத்திலிருந்து 2022 ஜூனில் நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். வெறுமையான நரம்பு நுனிக்கு அதட்டல் கேட்காது.

மருந்து இல்லையோ என்றால், ஹெராயினுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இருப்பதுபோல மெத்துக்கு ஒப்புதல் பெற்ற மருந்து கிடையாது. நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேர்த்து 403 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய சோதனை 2021-ல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 13.6 சதவீதத்தினரிடம் பலன், மருந்தில்லாத போலி ஊசியும் மாத்திரையும் பெற்றவர்களில் 2.5. நல்ல சேதிதான், ஆனால் நூற்றில் எண்பத்தாறு பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

இதுவரை நன்றாக வேலை செய்வது எது என்றால் சிரிப்பீர்கள். பரிசு. சிறுநீரில் மெத் இல்லையென்றால் அப்போதே ஒரு பரிசு. நான்சி பெட்ரி என்ற ஆய்வாளர் இதையே குலுக்கல் சீட்டாக்கினார். பாதிச் சீட்டில் 'சபாஷ்' மட்டும் இருக்கும், மற்றவற்றில் சின்னச் சின்னப் பொருள், எங்கோ ஒன்றில் பெரியது. கலிஃபோர்னியா 2023 முதல் ஒருவருக்கு 599 டாலர் வரை பரிசு அட்டையாகக் கொடுக்கிறது. 'போதைக்காரனுக்குக் காசா' என்று கேட்காதவர் இல்லை. உந்துதல் வற்றிப்போன மூளைக்கு, அடுத்த வருடம் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை எட்டாது. இன்றைக்கே கையில் வருவது எட்டும். இதற்குக் காப்புரிமை எடுக்க முடியாது என்பதால் எந்தக் கம்பெனியும் ஆய்வுக்குப் பணம் போடாது, அரசுதான் போட வேண்டும். நம் அரசுகளோ விழிப்புணர்வுப் பேரணியோடும் உறுதிமொழியோடும் நின்றுவிடுகின்றன.

மூளை திரும்புமா? 2001-ல் நோரா வோல்கோவ் குழு, மெத்தை விட்ட ஐந்து பேரின் மூளையை, 12 முதல் 17 மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தது. அந்தப் படகுகள், அதாவது டோபமைன் கடத்திகள், ஒரு பகுதியில் 19 சதவீதமும் இன்னொன்றில் 16 சதவீதமும் கூடியிருந்தன. ஐந்தே பேர்தான். நினைவாற்றல், கைவேகச் சோதனைகள் அந்த அளவுக்குத் தேறவுமில்லை. ஆனாலும் நரம்பு நுனி மறுபடி தளிர்ப்பது போலத்தான் தெரிகிறது. பத்து நாளில் முடியாது, மாதங்களில் நடக்கும்.

இடையில் ஒரு கண்ணி இருக்கிறது. கோகெயினுக்குப் பழக்கிய எலிகளிடம் 2001-ல் கண்டது இது: நிறுத்திய உடனே இருப்பதைவிட வாரங்கள் கழித்துத்தான், முன்பு போதையோடு கூடவே வந்த விளக்கொளியையோ ஒலியையோ கண்டதும் தேடல் அதிகமாகிறது. பிறகு மெத் எலிகளிடமும் அதுவே தெரிந்தது. ஆள் தெளிந்துவிட்டான் என்று வீட்டார் நிம்மதியாகும் காலமும் அதுவும் ஒன்றாக வருகிறது.

பதிலின் முதல் பாதியை அனுப்பியிருந்தேன். வாசகி திரும்ப எழுதினார்: "இண்டைக்குத் தானே எழும்பி முகம் கழுவி, தேத்தண்ணி கேட்டவன். நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை கூட்டிக்கொண்டு வரலாமெண்டு நினைக்கிறம்." (துண்டு வெட்டுவது என்றால் டிஸ்சார்ஜ்.) தேதியை எண்ணிப் பார்த்தேன். எட்டாம் நாள். டாக்டர் சொல்லும்வரை துண்டு வெட்ட வேண்டாம் என்றும், வீட்டுக்கு வந்தாலும் கிளினிக்குக்கு வாராவாரம் போக வேண்டிய தேதிகளை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றும், பழைய கைபேசியை அவன் கையில் கொடுக்க வேண்டாம், அதில் இருக்கிற எண்களும் அந்த எலிக்கு விளக்கு மாதிரிதான் என்றும் பதில் போட்டேன்.