கண் மஞ்சளாகாதவர்களை எப்படி எண்ணுவது?

மதுரைப் பக்கம் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் முதலில் வருவது கீழாநெல்லி. அப்புறம் மோர்ச்சோறு, எண்ணெய் இல்லாத பத்தியம். ரத்தப் பரிசோதனை கடைசியில்தான். சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போகும். வந்தது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் இ வைரஸ் என்றால், பெரும்பாலானோருக்கு 2 முதல் 6 வாரத்தில் அது தானாகவே சரியாகிவிடும். இதை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அது கிடக்கட்டும். கண் மஞ்சளாகாமலேயே இந்த வைரஸ் வந்து போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பேருக்கு இது தொற்றுவதாகவும், அதில் 33 லட்சம் பேருக்கே அறிகுறி தெரிவதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. ஆறு பேருக்குத் தொற்றினால் ஏறக்குறைய ஒருவர்தான் நோயாளியாகத் தெரிகிறார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் கூட்டி ஒரு நாட்டின் கணக்கைச் சொல்ல முடியாது.

மீதி ஐந்து பேரையும் ரத்தத்தில்தான் தேட வேண்டும். வைரஸ் நுழைந்ததும் உடல் முதலில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கும். அது சில மாதங்களில் மறையும். பின்னாலேயே வரும் ஐஜிஜி ஆண்டுக்கணக்கில் தங்கும். ஐஜிஎம் இருந்தால் தொற்று அண்மையில் வந்தது என்று பொருள். ஐஜிஜி மட்டும் இருந்தால் எப்போதோ வந்து போயிருக்கிறது. நாடு தழுவிய ஆய்வுகள் முக்கியமாகத் தேடுவது ஐஜிஜியை. ஆனால் அது ஏடிஎம் சீட்டு மாதிரி, நாளாக ஆக எழுத்து மங்கும். நாற்பது வருடத்துக்கு முந்தைய தொற்று சிலரின் ரத்தத்தில் தெரியாமலே போகலாம்.

மங்கிய எழுத்தைப் படிக்கும் கண்ணும் முக்கியம். தென்மேற்கு பிரான்சில் ரத்த தானம் செய்தவர்களை ஒரு பரிசோதனைக் கிட்டால் சோதித்தபோது சுமார் 17 சதவீதம் பேருக்கு ஐஜிஜி இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, நுட்பம் கூடிய வேறொரு கிட்டால் பார்த்தால் சுமார் 52 சதவீதம்! அதற்குள் அங்கே வைரஸ் மூன்று மடங்கு பெருகிவிடவில்லை, கிட்தான் மாறியிருந்தது. ஒரு நாட்டில் இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால், எந்தக் கிட் என்று கேட்காமல் நான் நம்புவதில்லை.

சரி, யாருடைய ரத்தத்தை எடுப்பது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சீராக வெந்த பானைக்குத்தான் பொருந்தும். நாடு அப்படி வேகவில்லை. வைகைக் கரையோரத்துக் குடிசைக்கும் கே.கே. நகர் அடுக்குமாடிக்கும் தண்ணீர் ஒன்றில்லை. ரத்த வங்கியில் கிடைக்கும் மாதிரி சுலபம்தான். ஆனால் அங்கே குழந்தைகள் கிடையாது, கர்ப்பிணிகள் கிடையாது, பெண்களே குறைவு.

வயது வாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது இந்தியாவில் ஒரு விநோதம் தெரியும். ஹெபடைடிஸ் ஏ-வும் தண்ணீரில் பரவுவதுதான். அது நம் ஊர்களில் காலங்காலமாகச் சிறு வயதிலேயே பெரும்பாலோருக்கு வந்து போய்விடும். இ அப்படியில்லை. குழந்தைகளிடம் அதன் தடம் குறைவு, இளைஞர்களிடம்தான் ஏறுகிறது. ஏ போல இது வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் எளிதில் தொற்றுவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இதன் விளைவுதான் கவலைக்குரியது. பிள்ளை பெறும் வயதுக்கு வரும் பெண்கள் பலர் எதிர்ப்பொருள் இல்லாமலே வருகிறார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்த நோய் கண்டால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும்.

இங்கே பரவும் வகைக்கு வழி, மலம் கலந்த தண்ணீர். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் தெருவில், வராத நேரம் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. இணைப்பில் கசிவு இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்கும். போதாக்குறைக்கு நாம் மோட்டார் வைத்து வேறு உறிஞ்சுகிறோம்.

1955 டிசம்பரில் டெல்லியில் நடந்தது இதைவிடப் பெரிது. குடிநீருக்காக யமுனையில் நீர் எடுக்கும் இடத்திலேயே கழிவு கலந்தது. குளோரின் பாக்டீரியாவைக் கொன்றதால் டைபாய்டு கூடவில்லை, வைரஸ் தப்பியது. சுமார் 29,000 பேருக்குக் காமாலை. ஹெபடைடிஸ் ஏ என்றே எல்லோரும் எண்ணினார்கள். நல்லவேளையாக அன்றைய நோயாளிகளின் சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை) யாரோ பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1980-ல் அதைச் சோதித்தபோது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று தெரிந்தது.

அப்படியானால் எது? சோவியத் விஞ்ஞானி மிகயில் பாலயன், ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட ராணுவத்தினரின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்தார். தன் ரத்தத்தில் ஏ-க்கான எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருப்பது அவருக்குத் தெரியும். ஆகவே காமாலை வந்தால் அது ஏ-யால் வந்ததாக இருக்க முடியாது. ஐந்து வாரம் கழித்து அவருக்குக் காமாலை வந்தது. அவருடைய மலத்திலேயே, பின்னாளில் ஹெபடைடிஸ் இ என்று பெயர் பெற்ற அந்தப் புது வைரஸின் துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, 1983-ல் வெளியிட்டார்கள்.