வெள்ளி பூசிய யூரின் ட்யூப்

ஆபரேஷன் முடிந்தவரின் கட்டிலோரம் யூரின் பை தொங்கும். அதோடு இணைந்திருக்கும் குழாய்தான் ஃபோலி கதீட்டர். 1930-களில் அமெரிக்க மருத்துவர் ஃப்ரெடரிக் ஃபோலி வடிவமைத்தது. அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான். நுனிக்குக் கீழே ஒரு சின்ன பலூன். சிறுநீர்ப்பைக்குள் போனதும் அதில் நீர் ஏற்றினால், குழாய் நழுவி வெளியே வராது.

தொல்லையும் அந்த பலூனால்தான். சிறுநீர் வடியும் துளை பலூனுக்கு மேலே இருப்பதால், அடியில் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கிக் கிடக்கும். கிருமிகளுக்கு அது போதும். குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியும், பையிலிருந்து உட்புறமாகவும் அவை மேலேறி, குழாய்ச் சுவரில் வழவழப்பான படலம் கட்டுகின்றன. படலத்துக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக்கால் எளிதில் கொல்ல முடியாது. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா இன்னும் ஒரு படி மேல். யூரியாவை அம்மோனியாவாக உடைத்து, சிறுநீரைக் காரமாக்கி, உப்புகளைப் படிகமாக்கிக் குழாயையே அடைத்துவிடும்.

சரி, கிருமியைக் கொல்லும் வெள்ளியைக் குழாயில் பூசிவிட்டால்? பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். குறுகிய காலத்துக்குக் குழாய் தேவைப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 2012-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது: வெள்ளிக் குழாயில் தொற்று 12.5 சதவீதம், வழக்கமான டெஃப்லான் பூச்சுக் குழாயில் 12.6. வித்தியாசமே இல்லை! நைட்ரோஃபியூரல் என்ற கிருமிக்கொல்லி மருந்து தோய்த்த குழாயில் 10.6 சதவீதம், ஆனால் எரிச்சல் அதிகம். ஆய்வுக்கூடத்தில் ஜொலித்த வெள்ளி உடலுக்குள் ஏன் எடுபடவில்லை? குழாய் உள்ளே போனதுமே சிறுநீரின் புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். பல கிருமிகள் ஒட்டுவது அந்தப் படிவின் மேல்தான்; வெள்ளியை நேரடியாகத் தொடுவதே இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் விலை உயர்ந்த பூச்சைவிட மற்ற விஷயங்களைப் பார்ப்பதே மேல் என்பேன். லேடெக்ஸ் (ரப்பர்) ஒவ்வாமை இருந்தால் சிலிகான் குழாய். நன்றாக வடியும் அளவுக்குள் மிகச் சிறிய குழாய். பை சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையில் படாமல். எல்லாவற்றையும்விட முக்கியம், குழாய் எத்தனை நாள் இருக்கிறது என்பது. ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். தினமும் காலை ரவுண்ட்ஸில் “இன்னும் தேவையா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். அதற்காக நீங்களே இழுத்துவிட வேண்டாம். உள்ளே பலூன் உப்பியிருக்கும், சிரிஞ்சால் அந்த நீரை எடுத்த பிறகுதான் நர்ஸ் குழாயை உருவுவார்.