ஒரு டபுள் கிளிக்குக்குள் இரண்டு கிளிக் இருக்கிறது

தெருவிளக்குப் புகார்களை வரைபடத்திலேயே பதிகிற மாதிரி ஒரு பக்கத்தை உள்ளாட்சி அலுவலகம் ஒன்றுக்குச் செய்து கொடுத்திருந்தேன். விளக்கு எரியாத இடத்தில் ஒரு கிளிக். அங்கே இடத்தைக் காட்டும் குறி, அதாவது பின் (pin), விழும், புகார் பதிவாகிவிடும். படிவம் நிரப்பும் சுமை மக்களுக்கு வேண்டாம் என்பதுதான் நோக்கம்.

இரண்டு வாரம் போயிருக்கும். விளக்கு மாட்டப் போகிற பணியாளர் ஒருவர் வந்து நின்றார். "சார், ஒவ்வொரு புகாரும் ரெண்டு ரெண்டா வருது. ஏணியத் தூக்கிட்டுப் போனா அங்க கம்பமே இல்ல, வயக்காடுதான் இருக்கு."

பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஒரே நொடியில், ஒரே இடத்தில், இரண்டு இரண்டு வரிகள். கொஞ்ச நேரம் கழித்து, முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி, உண்மையான புகார். மறுநாள் அந்த அலுவலகத்துக்கே போய் மனு வாங்கும் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்த அக்கா, வந்தவர் சொன்ன ஊர்ப் பக்கமாக அம்புக்குறியைக் கொண்டுபோய் டக் டக் என்று இரண்டு முறை தட்டினார். வரைபடம் ஒரு படி பெரிதானது. மறுபடி டக் டக். தெரு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் நிதானமாக ஒரு கிளிக். "தம்பி, ரெண்டு தடவ தட்டினாதானே கிட்ட வரும்?" என்று கேட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. எல்லா மேப்பும் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. பிழை என் நிரலில்.

ஒருவர் டபுள் கிளிக் செய்யும்போது பிரவுசர் நமக்கு அனுப்புவது ஒரு செய்தி அல்ல. பட்டன் அழுந்தியது, விட்டது, கிளிக். மறுபடி அழுந்தியது, விட்டது, கிளிக். அதற்கும் பிறகுதான் டபுள் கிளிக். முதல் கிளிக் வந்த நொடியில், அடுத்தது வருமா வராதா என்று பிரவுசருக்கே தெரியாது. அதனால் கிளிக்குக்கு ஒரு வேலை, டபுள் கிளிக்குக்கு ஒரு வேலை என்று எழுதிவிட்டால், டபுள் கிளிக் செய்பவருக்கு முதல் வேலை இரண்டு முறையும் நடந்து, கூடவே ஜூமும் ஆகும். கூகுள் மேப்ஸின் ஆவணமே, டபுள் கிளிக்குக்கு முன் கிளிக் சில சமயம் ஒரு முறையும் சில சமயம் இரண்டு முறையும் வரும் என்று எச்சரிக்கிறது.

அந்தப் பின்கள் வயல்காட்டில் விழுந்ததற்கும் காரணம் இருக்கிறது. வரைபடம் எவ்வளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, எண் கூடினால் வரைபடம் பெரிதாகும். அது ஜூம் 13-இல் இருக்கும்போது, நம் ஊர் அட்சரேகையில் திரையின் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 19 மீட்டர். இருபது பிக்சல் தள்ளித் தட்டினால் 380 மீட்டர் தள்ளிப் போய்விடும். ஜூம் செய்யத் தட்டுபவர் குறிபார்த்துத் தட்டுவதில்லை. அவர் அந்தப் பக்கம் போகத்தான் பார்க்கிறார்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு டைமர்தான். கிளிக் வந்ததும் 250 மில்லிசெகண்ட் பொறு. அதற்குள் டபுள் கிளிக் வந்தால் டைமரை ரத்து செய். நானும் அதைத்தான் எழுதினேன். இரண்டு பின் விழுந்த இடத்தில் இப்போது ஒரு பின் விழுந்தது. அரை நாள் தேடினேன். முதல் கிளிக் ஒரு டைமரைத் தொடங்குகிறது. இரண்டாவது கிளிக்கும் தன் பங்குக்கு ஒன்றைத் தொடங்கி, டைமரின் எண்ணை நினைவில் வைத்திருக்கும் அதே மாறியில் (variable) தன் எண்ணை எழுதிவிடுகிறது. டபுள் கிளிக் வந்து ரத்து செய்வது அந்த இரண்டாவதை மட்டும். முதல் டைமர் கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. புது டைமரைத் தொடங்கும் முன் பழையதை ரத்து செய்யும் ஒரு வரியைச் சேர்த்ததும் அது நின்றது. டைமர் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

ஆனாலும் டைமரை நான் நம்புவதில்லை. டபுள் கிளிக் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பயனரின் கணினி. விண்டோஸில் இயல்பான அளவு 500 மில்லிசெகண்ட். மவுஸ் அமைப்பில் அதை 200 முதல் 900 வரை மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதைப் பிரவுசர் நம் பக்கத்துக்குச் சொல்லாது. விரல் வலியோ வயதோ காரணமாக 400 மில்லிசெகண்ட் இடைவெளியில் தட்டுபவருக்கு விண்டோஸ் டபுள் கிளிக் தருகிறது. நம் 250 டைமரோ அதற்குள் பின்னைப் போட்டு முடித்துவிடுகிறது. பக்கங்களில் வரைபடம் காட்ட உதவும் ஓப்பன்லேயர்ஸ் என்ற நிரல் நூலகம் தரும் 'சிங்கிள் கிளிக்' நிகழ்வும் இதே 250 மில்லிசெகண்ட் காத்திருப்புதான். வேகமான கைக்கு அது போதும். மெதுவான கைக்கு இரண்டு சிங்கிள் கிளிக்காகவே வந்து சேரும். சரி, டைமரை 900 ஆக்கலாமே என்றால், ஒவ்வொரு கிளிக்குக்கும் வரைபடம் ஏறக்குறைய ஒரு நொடி உறைந்து நிற்கும். எதுவும் நடக்கவில்லையே என்று மனிதர்கள் மறுபடி தட்டுவார்கள்.

அதனால் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். ஒன்றா இரண்டா என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, இரண்டு முறை நடந்தாலும் கேடில்லாத வேலையை மட்டும் கிளிக்கிடம் கொடுத்தேன். இப்போது கிளிக் செய்தால் ஒரு தற்காலிகப் பின் உடனே விழும், காத்திருப்பு கிடையாது. மறுபடி கிளிக் செய்தால் புதுப் பின் வராது, அதே பின் நகரும். டபுள் கிளிக் வழக்கம்போல ஜூம் செய்யும். சேமிப்பது கீழே இருக்கும் 'இந்த இடம்தான், பதிவு செய்' பட்டன் மட்டும். ஜூம் 17-க்குக் கீழே அந்தப் பட்டன் வேலை செய்யாது. 'தெரு தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள்' என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். பட்டனையும் இரண்டு முறை தட்டுவார்கள், அதனால் முதல் தட்டிலேயே அது முடங்கிவிட வேண்டும்.

டபுள் கிளிக் ஜூமை நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதே மாதிரியான இன்னொரு நிரல் நூலகமான லீஃப்லெட்டில் அதற்கு ஒரே ஒரு அமைப்புதான், ஒரு நிமிட வேலை. பரப்பளவு அளக்கக் கோடு வரைகிற நேரத்தில் மட்டும் நிறுத்துவது நியாயம். எப்போதும் நிறுத்துவது, அந்த அக்காவின் பழக்கத்தைப் பிடுங்கிக்கொள்வது.

லீஃப்லெட் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: மார்க்கர்மேல், அதாவது பின்மேல், விழும் கிளிக் கீழே உள்ள வரைபடத்துக்குப் போகாது; ஆனால் வார்டு எல்லை போன்ற பாலிகன்மேல் (பலகோண வடிவத்தின்மேல்) விழும் கிளிக் வரைபடத்துக்கும் போய்ச் சேரும். வார்டு பெயரைப் பார்க்கத் தட்டியவருக்கு ஒரு பின்னும் சேர்ந்து விழுந்தால் காரணம் இதுதான்.

புது வரைபடம் எதையும் வெளியிடும் முன் இப்போது நான் மவுஸ் அமைப்பைத் திறந்து, டபுள் கிளிக் வேகத்தை ஒரு முறை கடைசி வரை மெதுவாகவும் ஒரு முறை கடைசி வரை வேகமாகவும் வைத்து, பத்து இடங்களில் டக் டக் என்று தட்டிப் பார்க்கிறேன். பிறகு திரையைப் பார்ப்பதில்லை. தரவுத்தளத்தில் புதிதாக எத்தனை வரி ஏறியிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். ஒன்றுகூட ஏறியிருக்கக் கூடாது.